மை டை: அசல் செய்முறையும் அது மாறிய கதையும்

கேள்வி இதுதான்: ஹவாய் சென்று வந்தவர்கள் மை டை காக்டெயிலுக்கு அன்னாசிச் சாறு கட்டாயம் என்கிறார்கள். பழைய செய்முறைகளில் அன்னாசியே இல்லை. வேறு சில இடங்களில் கிரெனடின் என்னும் சிவப்பு மாதுளைப் பாகை ஊற்றிச் செக்கச்செவேலென்று தருகிறார்கள். இவற்றில் எது உண்மையான மை டை? ஏன் இத்தனை வகைகள்?

நேரான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1944இல் உருவான மை டையில் ஐந்தே பொருள்கள்: பீப்பாயில் நெடுங்காலம் முதிர்ந்த ஜமைக்கா ரம், எலுமிச்சைச் சாறு, ஆரஞ்சுத் தோல் மணக்கும் குராசோ என்னும் இனிப்பு மது, ஓர்ஷா என்னும் பாதாம் பாகு, கொஞ்சம் சர்க்கரைப் பாகு. அன்னாசிச் சாறு, ஆரஞ்சுச் சாறு, கிரெனடின் மூன்றுக்கும் அதில் இடமில்லை. ஆனால் இத்தோடு நிறுத்தினால் பாதிக் கதையைத்தான் சொன்னதாகும். அந்த அசலை இன்று எவராலும் அப்படியே செய்ய முடியாது. உருவாக்கியவரே சில ஆண்டுகளில் அதைக் கைவிட நேர்ந்தது. அவர் தேர்ந்தெடுத்த ரம் தீர்ந்துபோனதுதான் காரணம். மை டையின் வரலாறு என்பது அந்த ஒரு ரம்முக்கு மாற்றுத் தேடிய வரலாறு. இதைப் பிடித்துக்கொண்டால் மற்ற மாற்றங்கள் எல்லாம் தானாகவே விளங்கிவிடும்.

மை டையை உருவாக்கிய விக்டர் பெர்ஜெரான், சுருக்கமாக விக், 1934இல் கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகரில் ஒரு சிறிய உணவகம் திறந்தார். அதற்கு முந்தைய டிசம்பரில்தான் அமெரிக்காவில் மதுவிலக்கு நீங்கியிருந்தது. ஹாலிவுட்டில் 'டான் த பீச்கோம்பர்' என்ற மதுக்கூடம் தென்கடல் தீவுகளின் தோற்றத்தோடும் விதவிதமான ரம் கலவைகளோடும் கூட்டத்தை ஈர்த்துக்கொண்டிருந்தது. பெர்ஜெரான் அங்கே போய்ப் பார்த்தார், ஊர் திரும்பியதும் தன் கடையை அதே பாணியில் மாற்றி 'டிரேடர் விக்ஸ்' என்று பெயரிட்டார். ஹவானாவுக்கும் போனார். அங்கே 'லா ஃப்ளோரிடா'வில் கான்ஸ்டான்டினோ ரிபலைகுவா டைகிரி கலக்கும் விதத்தைக் கவனித்தார். இந்தப் பயணங்கள் முக்கியமானவை. மை டையின் எலும்புக்கூடு டைகிரிதான்: ரம், எலுமிச்சை, இனிப்பு. அந்த இனிப்பை ஒரே சர்க்கரையில் முடிக்காமல் குராசோ, பாதாம் பாகு, வெறும் பாகு என்று மூன்றாகப் பிரித்ததுதான் விக் செய்த வேலை. ரம், குராசோ, எலுமிச்சை, பழப் பாகு என்ற கூட்டு அவருக்கு வெகுகாலம் முன்பே இருந்தது. ஜெர்ரி தாமஸ் 1862இல் வெளியிட்ட காக்டெயில் நூலில் 'நிக்கர்பாக்கர்' என்ற பெயரில் ராஸ்பெர்ரிப் பாகோடு அது இடம்பெற்றிருக்கிறது. ஆகவே விக் வெற்றிடத்திலிருந்து எதையும் உருவாக்கிவிடவில்லை. அவருடைய பெருமை ரம் தேர்விலும் அளவிலும் இருக்கிறது.

1944இல் அவர் கையில் எடுத்தது ஜே. ரே அண்ட் நெஃப்யூ நிறுவனத்தின் 17 ஆண்டு முதிர்ந்த ஜமைக்கா ரம். பொன்னிறம், நல்ல திடம், ஜமைக்காவுக்கே உரிய காரமான மணம். அதன் சுவையைக் கெடுக்காமல் தூக்கிக் காட்டும் கலவை ஒன்று வேண்டும் என்பதே அவர் நோக்கம் என்று பின்னாளில் எழுதினார். அளவுகளை மில்லியில் சொன்னால் ரம் 60, குராசோ 15, கெட்டியான சர்க்கரைப் பாகு 7.5, ஒரு முழு எலுமிச்சையின் சாறு. பாதாம் பாகு மட்டும் சில பதிவுகளில் 15, சிலவற்றில் 7.5 என்று இருக்கிறது. நொறுக்கிய ஐஸோடு குலுக்கி, பிழிந்த எலுமிச்சை மூடியில் ஒன்றை உள்ளேயே போட்டு, மேலே ஒரு புதினாக் கொத்து. டஹிட்டியிலிருந்து வந்திருந்த நண்பர்கள் ஹாம் கில்ட், கேரி கில்ட் இருவருக்கும் அதைக் கொடுத்தார். கேரி ஒரு வாய் குடித்துவிட்டு, இதற்கு மேல் ஒன்றில்லை என்ற பொருளில் டஹிட்டி மொழியில் வியந்து சொன்னாராம். அந்தச் சொற்களே பெயராக நின்றுவிட்டன.

இனி ரம். ஜமைக்கா ரம்மை ஏன் வேறு ரம்மால் ஈடுசெய்ய முடியவில்லை என்பதற்கு அது உருவாகும் முறையில் விடை இருக்கிறது. மற்ற பல இடங்களில் மொலாசஸ், அதாவது கரும்பிலிருந்து சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கரும்பாகு, ஓரிரு நாளில் நொதித்து வாலைக்குப் போய்விடும். ஜமைக்காவின் பழைய வடிசாலைகள் சிலவற்றில் நொதித்தல் பல நாள், சில நேரம் வாரக்கணக்கில் நீளும். முந்தைய வடிப்பில் மிஞ்சிய புளித்த கசடையும் அதில் சேர்ப்பார்கள். அமிலங்களும் ஆல்கஹாலும் கூடி எஸ்டர்கள் என்ற மணப்பொருள்கள் பெருகுகின்றன. பிறகு செம்புக் கலத்தில் காய்ச்சி வடிக்கும்போது அந்த மணம் பெருமளவு தப்பிவிடாமல் ரம்மோடு வந்துசேர்கிறது. கனிந்து கறுத்த வாழைப்பழமும் பழுத்த அன்னாசியும் சேர்ந்தாற்போன்ற வாசனை அது. எத்தில் பியூட்டிரேட் என்ற எஸ்டர் அன்னாசியின் வாசனையையே கொண்டது. நல்ல ஜமைக்கா ரம் ஊற்றிய மை டையில் அன்னாசி மணம் ஏற்கெனவே இருக்கிறது. சாறு ஊற்றினால் அந்த மணத்தைத் தேடவே முடியாமல் போய்விடுகிறது. அன்னாசிச் சாறு சேர்ந்த வகையை நான் ஏற்காததற்கு மரபுப் பற்று காரணம் அல்ல, இதுதான் காரணம்.

மை டைக்குக் கிராக்கி கூடக் கூட 17 ஆண்டு ரம்மின் இருப்பு கரைந்தது. பதினேழு ஆண்டுக்கு முன்பு எத்தனை பீப்பாய் வைத்தார்களோ அத்தனைதான், கூடுதல் பணம் கொடுத்தாலும் இன்னொன்று வராது. விக் அதே நிறுவனத்தின் 15 ஆண்டு ரம்முக்கு இறங்கினார். 1950களில் அதுவும் போதவில்லை. அப்போது அவர் செய்த முடிவுதான் இன்றுவரை வாதத்துக்கு இடம் தருகிறது: கருநிற ஜமைக்கா ரம் பாதி, கரீபியக் கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான மர்த்தினிக்கின் ரம் பாதி என்று கலந்தார். பழைய ரம்மில் இருந்த ஒருவிதக் கொட்டைச் சுவையும் நீண்டு நிற்கும் முடிவும் ஒற்றை ஜமைக்கா ரம்மில் கிடைக்காததால் இரண்டைச் சேர்த்து அதை நெருங்கப் பார்த்தார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். கடந்த முப்பது ஆண்டுகளில் பழைய செய்முறைகளை மீட்டெடுத்தவர்களில் பலர் 'மர்த்தினிக் ரம்' என்ற சொல்லைப் பார்த்ததும், இன்று அத்தீவு புகழ்பெற்றிருக்கும் அக்ரிகோல் வகையை ஊற்றினார்கள். அது மொலாசஸில் செய்வதில்லை, பிழிந்த கருப்பஞ்சாற்றை நேரடியாக நொதிக்க வைத்துச் செய்வது. பச்சைப் புல் வாசம், மெல்லிய உடல். 1996 முதல் பிரான்சின் பெயர்க்காப்புச் சட்டம் அதற்கு உண்டு. ஆனால் விக் தன் நூல்களில் மர்த்தினிக் ரம்மை வருணிக்கும்போது காப்பி நிறம், கனமான உடல், ஜமைக்கா ரம்மோடு நெருங்கிய ஒற்றுமை என்கிறார். இந்த வருணனை அக்ரிகோலுக்குச் சிறிதும் பொருந்தாது. அக்காலத்தில் மர்த்தினிக்கிலிருந்து ஏற்றுமதியானதில் மொலாசஸ் ரம்மும் ஏராளம். நீண்ட நொதித்தலில் உருவாகும் அடர்மண வகையை அங்கே 'லெ கலியோன்' வடிசாலை இன்றும் தயாரிக்கிறது. விக் ஊற்றியது இந்தப் பக்கத்து ரம் என்பதே என் உறுதியான கருத்து. அக்ரிகோல் ஊற்றிய மை டை கெட்டதல்ல, எனக்குப் பிடிக்கும். ஆனால் அதை 1950களின் சுவை என்று சொல்லித் தருவது சரியல்ல.

மர்த்தினிக் பெயர் வந்ததால் ஒன்றைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. 1848இல் அங்கே அடிமை முறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. 1853 முதல் புதுச்சேரி, காரைக்கால் வழியாகத் தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள். அவர்கள் வழிவந்தோர் தீவின் வடக்கே பாஸ் புவாந்த் பகுதியில் இன்றும் மாரியம்மனை 'மாலியேமேன்' என்று அழைத்து வழிபடுகிறார்கள். கரீபிய ரம்மின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்தக் கைகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும்; பெரும்பாலும் சேர்ப்பதில்லை.

இப்போது அன்னாசிக்கு வருவோம். 1953இல் மேட்சன் கப்பல் நிறுவனம் ஹொனலூலுவில் இருந்த ராயல் ஹவாயன் உள்ளிட்ட தன் ஓட்டல்களுக்கு மதுப்பட்டியல் அமைத்துத் தர விக்கை அழைத்தது. அவர் கொண்டுபோன பட்டியலில் மை டையும் இருந்தது. சுற்றுலாப் பயணிகளுக்கு அது உடனே பிடித்துப்போனது. 1959இல் ஹவாய் அமெரிக்காவின் மாநிலமானது, ஜெட் விமானங்களும் பறக்கத் தொடங்கின. கூட்டம் பெருகியது. ஹவாய் அப்போது உலகத்துக்கே டப்பாவில் அடைத்த அன்னாசி அனுப்பிக்கொண்டிருந்த இடம். விருந்தினர் வந்திறங்கியதும் எதிர்பார்ப்பதும் அன்னாசிதான். சாறு மலிவு, நிறம் அழகு, கோப்பையும் நிறையும், புளிப்பையும் மதுவின் காரத்தையும் ஒருசேர அடக்கிவிடும். ஓட்டலுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அன்னாசியும் ஆரஞ்சும் உள்ளே வந்தன. அவை ரம்மை மூழ்கடித்துவிட்டதால், ரம் இருப்பதைக் காட்ட மேலே கருநிற ரம்மை ஓர் அடுக்காக மிதக்கவிட்டார்கள். அசலில் அந்த அடுக்கு தேவைப்படவில்லை, ஏனென்றால் கோப்பை முழுவதும் ரம்தான் பேசியது. வைகிகியின் ஹில்டன் ஓட்டலில் பணியாற்றிய ஹாரி யீ ஆர்க்கிட் பூவைக் கோப்பையில் செருகும் வழக்கத்தைத் தொடங்கியவராக அறியப்படுகிறார். இன்று உங்கள் மனக்கண்ணில் தோன்றும் மை டை, அதாவது பூவும் அன்னாசித் துண்டும் மேலே கரும்பழுப்பு அடுக்குமாக நிற்பது, இந்த ஹவாய் வடிவம்தான்.

ஹவாய்க்காரர்கள் அதைத் தங்களுடையதாகப் பேணுவதில் எனக்கு வருத்தமே இல்லை. கடற்கரை வெயிலில் அது நன்றாகவே இருக்கும். ஆனால் அது வேறொரு பானம். ஒரே பெயரில் இரண்டும் உலவுவதால்தான் குழப்பம்.

குழப்பத்துக்கு இன்னொரு பெரிய காரணம் ரகசியம். விக் 1947இல் வெளியிட்ட மதுக்கலவை நூலில் பல காக்டெயில்களின் செய்முறை உண்டு, மை டை மட்டும் இல்லை. 1972இல் திருத்திய பதிப்பு வந்தபோதுதான் அது நூலில் இடம்பெற்றது. இடைப்பட்ட கால் நூற்றாண்டில் வாடிக்கையாளர்கள் எல்லா ஊரிலும் மை டை கேட்டார்கள். கலக்குகிறவருக்குச் செய்முறை தெரியாது. நிறத்தையும் அலங்காரத்தையும் பார்த்து ஊகித்தார்கள். பாதாம் பாகு கிடைக்காத இடத்தில் கிரெனடின் வந்தது. எலுமிச்சைக்குப் பதில் புட்டியில் அடைத்த புளிப்பு இனிப்புக் கலவை வந்தது. விக்கின் நிறுவனமே ஆயத்தக் கலவையைப் புட்டியில் விற்கத் தொடங்கியது. வணிகமாகப் பார்த்தால் நியாயம், ஆனால் புதிதாகப் பிழிந்த எலுமிச்சையைப் புட்டி ஈடுசெய்யாது. 1970களும் 80களும் மை டைக்கு இருண்ட காலம்.

உலகளாவிய பார்டெண்டர்கள் சங்கமான ஐபிஏவின் அதிகாரப்பூர்வப் பட்டியலில்கூட இந்தத் தடுமாற்றம் தெரியும். சில ஆண்டுகளுக்கு முன்புவரை அதில் வெள்ளை ரம் 40 மில்லி, கருநிற ரம் 20, குராசோ 15, பாதாம் பாகு 15, எலுமிச்சைச் சாறு வெறும் 10. அந்த அளவில் கலந்து பாருங்கள். நாக்கில் பாகுதான் ஒட்டும். தற்போதைய பட்டியலில் ஜமைக்கா ரம் 30, மர்த்தினிக்கின் மொலாசஸ் ரம் 30, எலுமிச்சை 30, குராசோ 15, பாதாம் பாகு 15, சர்க்கரைப் பாகு 7.5 என்று திருத்திவிட்டார்கள். விக்கின் 1950களின் தீர்வுக்கே திரும்பி வந்திருக்கிறார்கள், அதுவும் மொலாசஸ் என்று குறிப்பிட்டுச் சொல்லி. நல்ல திருத்தம்.

'மை டையை உண்மையில் உருவாக்கியவர் டான் தானே' என்ற பேச்சையும் நீங்கள் கேட்டிருக்கலாம். டான் த பீச்கோம்பரை நிறுவிய எர்னஸ்ட் கான்ட், பின்னாளில் டான் பீச் என்று சட்டப்படிப் பெயர் மாற்றிக்கொண்டவர், மேதை. சந்தேகமில்லை. தன் பணியாளர்கள் செய்முறையைப் போட்டியாளருக்கு விற்றுவிடக் கூடாதென்று பாகுகளுக்கு எண்ணிட்டுச் சங்கேதப் பெயர் வைத்தவர் அவர்; ஜெஃப் பெர்ரி என்ற ஆய்வாளர் பழைய பணியாளர்களின் குறிப்பேடுகளைத் தேடிப்பிடித்து அந்தச் சங்கேதங்களை விடுவித்தார். பெர்ரி காட்டும் தடயம், டானின் 'க்யூ.பி. கூலர்' என்ற 1937ஆம் ஆண்டுக் கலவை. அதில் ஆரஞ்சுச் சாறு, தேன், இஞ்சிப் பாகு, ஃபலெர்னம் என்ற மசாலாப் பாகு, சோடா எல்லாம் உண்டு. பாதாம் இல்லை, குராசோ இல்லை. ஆனால் முடிவான சுவை மை டையின் பக்கத்தில் வந்து நிற்கிறது. டானின் பெயரில் உலவும் 'மை டை ஸ்விஸில்' என்ற இன்னொரு செய்முறையிலோ கிரேப்ஃப்ரூட்டும் சோம்பு மணக்கும் பெர்னோ மதுவும் இருக்கின்றன. அது முற்றிலும் வேறு திசை. விக் டானின் கடையில் குடித்த ஏதோ ஒன்றின் சுவை அவர் நாவில் தங்கியிருக்கலாம். அது கடன் என்றால் கடன்தான். ஆனால் அதே சுவையை ஐந்து பொருள்களில், ஒரு ரம்மைச் சுற்றிக் கட்டியது விக். 1970இல் டானின் பெயரில் விற்பனையான புட்டிக் கலவை தொடர்பாக விக் வழக்குப் போட்டார். நீதிமன்றத்துக்கு வெளியே அவருக்குச் சாதகமாகவே அது முடிந்தது. என் தீர்ப்பும் விக்கின் பக்கம்.

அந்த 17 ஆண்டு ரம் என்ன ஆனது? எஞ்சிய புட்டிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. பெல்ஃபாஸ்ட் நகரின் மெர்ச்சன்ட் ஓட்டலில் ஒன்று கிடைத்தபோது, அதில் கலந்த மை டை ஒரு கோப்பை 750 பவுண்டுக்கு விலை வைக்கப்பட்டது. 2023இல் ஜமைக்காவின் ஆப்பிள்டன் எஸ்டேட் அந்தப் பழைய ரம்மை மீளுருவாக்கும் முயற்சியாக 17 ஆண்டு முதிர்ந்த ஒன்றை 1,500 புட்டிகள் மட்டும் வெளியிட்டது. வாங்கி ஐஸில் குலுக்கும் விலையில் இல்லை.

வீட்டில் செய்து பார்ப்பதாக இருந்தால் இவற்றைக் கவனியுங்கள். பெயரைப் பார்த்து ரே அண்ட் நெஃப்யூவின் இன்றைய வெள்ளை ரம்மை வாங்கிவிடாதீர்கள். அது 63 சதவீத ஆல்கஹால் கொண்ட, முதிராத ரம். 60 மில்லி ஊற்றினால் வேறெதுவும் தெரியாது. ஐந்து ஆண்டுக்கு மேல் முதிர்ந்த ஜமைக்கா ரம் ஒன்றே போதும். இனிப்பும் வெனிலா வாசனையும் கூட்டிய மசாலா ரம்கள் வேண்டாம்.

செய்முறைகளில் 'ஒரு எலுமிச்சை' என்பது அமெரிக்காவில் விற்கும் விதையில்லாத பெரிய பச்சைக் காய். நம் ஊர்ச் சிறு எலுமிச்சை ஒன்றில் அவ்வளவு சாறு வராது, புளிப்போ இன்னும் கூர்மை. எண்ணாமல் அளந்து ஊற்றுங்கள்: 22 மில்லியில் தொடங்கி, போதவில்லை என்றால் 30 வரை போகலாம். சர்க்கரைப் பாகு விஷயத்தில் விக் பயன்படுத்தியது கற்கண்டுப் பாகு. ஒரு பங்கு நீருக்கு இரு பங்கு சர்க்கரை கரைத்தால் அதே திடம் கிடைக்கும்.

பாதாம் பாகைக் கடையில் தேடி அலைய வேண்டாம். தோலுரித்த பாதாம் 200 கிராமை 400 மில்லி நீரில் சில மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரோடு அரைத்து, துணியில் இறுக்கிப் பிழியுங்கள். வரும் பாலுக்குச் சம எடை சர்க்கரை சேர்த்து, கொதிக்க விடாமல் இளஞ்சூட்டில் கரையுங்கள். கொதித்தால் பால் திரிந்து மணமும் போய்விடும். ஆறியதும் ஆரஞ்சுப் பூ நீர் சில சொட்டு. குளிர்பதனப் பெட்டியில் ஒரு வாரம் தாங்கும். மேலே எண்ணெய் பிரிந்து நின்றால் குலுக்கி ஊற்றுங்கள். மை டையில் முதலில் 7.5 மில்லி மட்டும் சேர்த்து ருசி பாருங்கள். பாதாம் முன்னால் வந்து நின்றால் அளவு தவறு. அது பின்னாலிருந்து ரம்முக்கு முட்டுக் கொடுக்க வேண்டும்.

புதினாவை உள்ளே நசுக்காதீர்கள். உள்ளங்கையில் ஒரு தட்டுத் தட்டி, மூக்குக்கு நேராக நிற்கும்படி செருகுங்கள். ஐஸ் நொறுங்கியதாக இருக்க வேண்டும். கட்டி ஐஸில் குலுக்கினால் நீர் போதிய அளவு சேராமல் முதல் வாயே கடுப்பாக இருக்கும்.

வெளியே ஒரு பாரில் கேட்பதாக இருந்தால் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: எந்த ரம், பாதாம் பாகு இருக்கிறதா. பாதாம் பாகு இல்லை என்றால் மை டை வேண்டாம், டைகிரி சொல்லுங்கள். அதற்கு ரம்மும் எலுமிச்சையும் சர்க்கரையும் போதும், அவை எந்தப் பாரிலும் இருக்கும்.